ஜன்னல் சீட்டு

மாலை வெயில் வழியும் விமான நிலையக் கண்ணாடிச் சுவரில் மூக்கு பதிய நிற்கிறார் பல் மருத்துவர். வெளியே ஒரு விமானம் மெல்லப் பின்னால் நகர்கிறது. தரை துடைக்கும் பெண்ணிடம், அவள் கேட்காமலே, “பிளேன்ல சோறு போடுற கம்பெனியை நம்பாதீங்கம்மா. சொன்ன நேரத்துக்குக் கிளம்புறான் பாருங்க, அவன்தான் கம்பெனி. அந்த இறக்கை நுனி வளைஞ்சிருக்கே, என்ன அழகு” என்கிறார். அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு தலையாட்டுகிறாள். அவர் சட்டைப்பையில் கைபேசி அதிர்கிறது. மனைவி. “ஒரே ஒரு போட்டோன்னு போனீங்களே, எங்க இருக்கீங்க? கதவைச் சாத்திட்டாங்க, பிளேன் நகருது. பொண்ணு கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் நிக்கவா?” அவர் வெளியே பார்க்கிறார். அதே வளைந்த இறக்கை நுனி மெல்லத் திரும்புகிறது. “அடுத்த பிளேன்ல வந்துடறேன். என் ஜன்னல் சீட்டுல நீ உக்காந்துக்க” என்கிறார், பெரிய மனதுடன். “அப்பவே உக்காந்துட்டேன்” என்கிறாள் அவள்.