உப்பில்லாத கஞ்சி

ஒரு பிடி அரிசி. பானை நிறையத் தண்ணீர்.

அவள் அடுப்பின் முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உப்பாவது போடுமன்," என்றார் கணவர். "பிள்ளை குடிக்கவேணுமெல்லே."

அவள் போடவில்லை. போரின் கடைசி நாட்களில் அவள் கிடந்த பக்கம் உப்பும் இல்லை.

போன வருடம் மே பதினெட்டு அன்று டொரொன்டோவில் ஒரு மண்டபத்தில், போரில் செத்தவர்களின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் விட்டு, பச்சைமிளகாய் வெட்டிப் போட்டு, ருசியாக நினைவுகூர்ந்தார்கள். மகள் மிதுஷா மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தாள். அடுத்த கிழமை, வீட்டிலும் அதைச் செய்து தரச் சொல்லி வந்து நின்றாள்.

பிள்ளைமேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனாலும் அன்றைக்கு நெஞ்சு எரிந்தது.

இந்த வருடம் மண்டபத்துக்குப் போகவில்லை. உள்ளது உள்ளபடி மகளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள். வாயால் சொல்லத் தொடங்கிய போதெல்லாம் வேறு கதைக்கு மாறிவிட்டாள்.

கஞ்சி சொல்லட்டும்.

கோப்பையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். மேலே வெறும் தண்ணீர். அடியில் கொஞ்சம் பருக்கை.

மகள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. துப்பப் போனவள், சுவரிலிருந்த அண்ணனின் படத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினாள்.

அகரன். மிதுஷா பிறக்கும் முன்பே போனவன். படத்தில் அவளைவிடச் சின்னவன்.

"அண்ணாவும் இதையோ குடிச்சவர்?"

தாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகத்தான் இப்படிக் காய்ச்சினாள். இப்போது சொல்லிவிடலாம்.

அவன் குடிக்கவில்லை.

தூக்குவாளியோடு கஞ்சி வரிசையில் நின்றான். வரிசையில் செல் விழுந்து வெடித்தது. அவள் ஓடிப்போனபோது வாளி நசுங்கிக் கிடந்தது. உள்ளே ஈரம்கூட இல்லை. முதல் நாளும் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஓம் பிள்ளை," கணவர் முந்திக்கொண்டார். "வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் போனவன். அம்மாதான் பருக்கினவ."

அவர் அன்றைக்கு அங்கே இல்லை. மாதக்கணக்காகத் தேடி, முகாமில் அவளைக் கண்டுபிடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை பசியோடு போனானா என்பதுதான். இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் மனுஷன் இத்தனை காலமும் படுத்து எழும்புகிறார்.

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு குடிச்சவர்?"

கணவரும் அவளைப் பார்த்தார். அவர் ஒருநாளும் கேட்கத் துணியாத கேள்வி அது.

கஞ்சி ஆறி ஆடை படியத் தொடங்கியிருந்தது.

"ரெண்டு கோப்பை," என்றாள்.

கணவர் மெல்லத் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. முகம் தெளிந்திருந்தது.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு மிச்சத்தைக் குடித்தாள். இடையில் ஒருமுறை குமட்டியது. நிறுத்தவில்லை. கடைசிப் பருக்கையையும் விரலால் வழித்து எடுத்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு கோப்பையை நீட்டினாள்.

"அப்ப எனக்கும் இன்னும் ஒண்டு."