முகமூடிக்கு எதற்கு வசனம்?

“யாரைக் கேட்டு இந்த முகமூடிக்கு வசனம் குடுத்தீங்க?”

ஆசிரியர் புத்தகத்தை மேஜையில் போட்ட வேகத்தில் பசைக் கிண்ணமே ஒரு துள்ளு துள்ளியது.

கத்தரி அக்கா பாதி வெட்டிய விண்கலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

பதிப்பக அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் அது. சினிமாக் கம்பெனி அனுப்பும் ஸ்டில் புகைப்படங்களை வெட்டி, வரிசையாக ஒட்டி, பேசுகிறவர் வாய்க்குப் பக்கத்தில் வெள்ளை பலூன் வைத்து, அதற்குள் வசனம் எழுதுவார். இரண்டரை மணி நேர விண்வெளிப் படம் அறுபத்து நாலு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தியேட்டர் வாசலை மிதிக்காதவர்கள்கூட அதைப் படித்துவிட்டுப் படமே பார்த்ததாகச் சத்தியம் செய்வார்கள். அந்தக் கைவேலைக்கு ஆசிரியரும் ரசிகர்தான். அதனாலேயே கோபம் இரண்டு மடங்கு.

“கம்பெனியிலேர்ந்து கடுதாசி வந்திருக்கு. படத்துல வாயே திறக்காத சிப்பாய் புத்தகத்துல மூணு இடத்துல பேசறானாம். ‘என் பின்னாடி நிக்கறவனுக்கு என்ன பேச்சு’ன்னு ஹீரோ குதிக்கறாராம். இன்னொரு தடவை நடந்தா ஸ்டில் கிடையாதாம். அப்புறம் நாம எதை ஒட்டறது? சுவத்துல போஸ்டரா?”

“தெரியாம நடந்துடுச்சு சார்.”

“ஒரு தடவைன்னா தெரியாம. போன ரெண்டு புத்தகத்தையும் புரட்டிட்டுத்தான் வரேன்!”

நிஜமாகவே புரட்டியிருந்தார். எல்லாப் படத்திலும் பின்வரிசையில் ஒரே மாதிரி முகமூடிச் சிப்பாய்கள். அதில் ஒருவன் மட்டும் துப்பாக்கியை இடது கையில் பிடித்திருப்பான். பலூன் எப்போதும் அவனுக்குத்தான்.

எதிரிக் கலம் நெருங்குகிறது. ஹீரோ பல்லைக் கடிக்கிறார். இவன், ‘பயப்படாதே. நான் பக்கத்தில் இருக்கிறேன்’ என்கிறான்.

இன்னொன்றில் கிரகமே வெடிக்கப் போகிறது. இவன், ‘நேரமாகிவிட்டது. தூங்கு’ என்கிறான். கிரகம் வெடிக்கிற நேரத்தில் தூங்கச் சொல்கிறவனை எந்தப் படையில் வைத்துக்கொள்வார்கள்?

“அந்த ஆள் உங்க சொந்தக்காரரா?”

“இல்லை சார்.”

“பின்னே யாரு? உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

சொல்லிவிட்டாரே தவிர, அனுப்பிவிட அவருக்கே மனமில்லை. இப்படி ஒரு கைக்கு எங்கே போவது?

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஸ்டில் கவர் கொண்டுவந்து தருவாரே சார், கம்பெனி ஆள். அவர்தான். கூட்டத்துக்கு ஆள் குறைஞ்சா அவருக்கும் முகமூடி மாட்டி நிக்க வெச்சுடுவாங்க.”

“யாரு, கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லாமப் போவாரே, அந்தத் திமிர் பிடிச்ச மனுஷனா?”

“திமிர் இல்லை சார். பிறந்ததுலேர்ந்தே அவருக்குப் பேச்சு வராது.”

ஆசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“அவர் பொண்ணு இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்கு. ‘புத்தகத்துல எல்லாரும் பேசறாங்க, அப்பா மட்டும் ஏன் பேசலை’ன்னு கேட்டுச்சாம். அவர் வீட்டம்மா சொல்லி அழுதாங்க. எனக்கு மனசு கேக்கலை.”

ஆசிரியர் புத்தகத்தை மறுபடியும் கையில் எடுத்தார். ‘நேரமாகிவிட்டது. தூங்கு.’ அது யாருக்குச் சொன்னது என்று இப்போது விளங்கியது. இத்தனை நாள் அந்த மனுஷனைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.

“கம்பெனிக்கு நான் பதில் எழுதிக்கறேன். ஒத்துக்கலேன்னா நேர்ல போய்ச் சண்டை போடறேன். நீங்க உட்கார்ந்து வேலையைப் பாருங்க.”

வாசல் வரை போனவர் திரும்பினார். ஆசிரியர் புத்தி லேசில் விடுமா?

“இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். படத்துல இல்லாத வசனத்தை நீங்களா எழுதறது தப்புதான்.”

“நான் எங்க சார் எழுதினேன்? ஸ்டில் கவரோட ஒரு துண்டுச் சீட்டும் வரும், அவர் கையெழுத்துல. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே பலூன்ல இறக்கிடுவேன்.”

அக்கா கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“ஹீரோவுக்கு வசனம் எழுதறது ஒருத்தர், டப்பிங் பேசறது இன்னொருத்தர். இந்தப் புத்தகத்துல சொந்தமாப் பேசறது அவர் ஒருத்தர்தான் சார்.”