டம்ளரில் விழாத பூச்சிகள்

மறுபடியும் மேடம் அறை வாசலில் போய் நின்றுகொண்டிருந்தான் பம்பரம். ஒரு இடத்தில் நிற்காததால் அவனுக்கு அந்தப் பெயர். இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

பின்னறையில் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிய, அவனோடு வேலை பார்ப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மண் ஆய்வுக்கூடத்தில் இருவருமே தற்காலிகம். மாதக் கடைசியில், தலைமை மேடம் எடுக்கும் முடிவில், ஒருவருக்கு வேலை நிரந்தரம். மற்றவர் வீட்டுக்கு.

தோட்டத்து மண்ணில் எத்தனை பூச்சி இருக்கிறது? அவன் டம்ளரைத் தரைமட்டத்துக்குப் புதைத்து வைப்பான். நடந்து போவது தவறி விழும். அவள் அதே மண்ணை அள்ளிப் புனலில் போட்டு, மேலே பல்பை எரியவிடுவாள். சூடு தாங்காமல் உள்ளே பதுங்கியிருப்பதெல்லாம் கீழே புட்டியில் இறங்கும். எந்த வழி சரி என்பதுதான் ஆராய்ச்சி.

அவன் திரும்பி வந்தான்.

"உன் டம்ளர்ல எத்தனை?"

"பதினொண்ணு அக்கா. அதுல ஒண்ணு தவளை."

"எனக்கு நானூத்தி ஆறு. எல்லாம் ஊசிமுனை அளவு. எண்ணி எண்ணிக் கண்ணே போச்சு. அலையறது மட்டும்தான் உன் டம்ளர்ல விழும். உழைக்கறதெல்லாம் உள்ளேயே கிடக்கும், புரியுதா?"

"ரொம்பச் சரி அக்கா" என்று இளித்தவன், அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மறுபடியும் மேடம் அறைக்கே ஓடினான்.

'நான் எண்ணினதை அங்கே போய்த் தன் பேர்ல அளக்கறானே, படுபாவி.'

மாலையில் மேடம் கூப்பிட்டார். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றே உள்ளே போனாள்.

"மேடம், வாசல்ல வந்து நிக்கறவங்களுக்குத்தான் வேலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் பின்னறையை விட்டு நகர்ந்ததே இல்லை."

"தெரியும். உங்க முகத்தையே இப்பதான் சரியாப் பார்க்கறேன்" என்றார் மேடம். "வேலை உங்களுக்குத்தான். போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சு."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. 'அக்கா இன்னிக்கு இத்தனை எண்ணிட்டாங்க, அவங்களை மட்டும் அனுப்பிடாதீங்க'ன்னு அந்தப் பம்பரம் தினம் வந்து என் உயிரை எடுக்குது. உங்களுக்குத்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. பேப்பரைக் காட்டுங்கன்னு நிக்குது. நீங்களே காட்டிடுங்க."