ஊறுகாய்க்குப் பக்கத்துல

டவுன்ல நூறு வருஷமா சொந்தக் கால்ல நிக்கிற லைப்ரரி அது. பத்து வருஷமா யாரும் எடுக்காத புத்தகத்தையெல்லாம் வெள்ளிக்கிழமை பழைய பேப்பருக்குப் போடுறதா முடிவு பண்ணிட்டாங்க. கிணறு வெட்டுறதைப் பத்தின புத்தகமும் அந்த லிஸ்டுல இருந்துச்சு; பயந்து நடுங்கிக்கிட்டு இருந்துச்சு.

வியாழக்கிழமை சுத்திப் பாக்க வந்த ஒரு அம்மா அதை எடுத்து, விரிச்சுப் புடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டு, சமையல் புத்தக அலமாரியில சொருகிட்டுப் போயிட்டாங்க.

"ஐயோ அக்கா, இங்க என்னை யாரு தேடி வருவா?"ன்னு அது அழுதுச்சு.

"அங்க மட்டும் க்யூவுல நின்னாங்களாக்கும்! சும்மா இரு தம்பி,"ன்னு சொல்லுச்சு பக்கத்துல இருந்த ஊறுகாய்ப் புத்தகம்.

வெள்ளிக்கிழமை லிஸ்டோட ஒருத்தர் வந்தாரு. அது முன்ன இருந்த அலமாரியில மேலயிருந்து கீழ வரைக்கும் தேடுனாரு. கெடைக்கல. 'காணோம்'னு எழுதிட்டுப் போயிட்டாரு.

"பாத்தியா தம்பி, உன்னையும் ஒரு ஆளு தேடி வந்துட்டாரு,"ன்னுச்சு ஊறுகாய்.