தொண்ணூற்றிரண்டு சதவீதம் கொடியவன்

2019 டிசம்பர் முதல் வாரத்தில், பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் சின்ன வெங்காயம் கிலோ நூற்றைம்பது ரூபாய்க்கு விற்றது.

அதே வாரம் ஜெயசீலன் செல்போனில் ஒரு மனோதத்துவப் பரீட்சை எழுதினான். 'நண்பரின் பர்ஸ் கீழே கிடந்தால்?' 'எடுத்துக்கொள்வேன்.' எல்லாக் கேள்விக்கும் இதே ரகத்தில் பதில். முடிவு வந்தது: இரக்கம் கிடையாது, குற்ற உணர்ச்சி கிடையாது, சூழ்ச்சியில் வல்லவர். தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

மனைவி நந்தினியிடம் பெருமையாகக் காட்டினான்.

"எலி செத்துக் கெடந்தா தூக்கிப்போட என்னைக் கூப்புடுற ஆளு!" என்று சிரித்தாள்.

அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? திட்டம் தயாராகிவிட்டது.

ஜெயசீலனுக்கும் பக்கத்து வயல் குழந்தைவேலுக்கும் ஆளுக்கொரு பட்டறை. கீற்று வேய்ந்து, விதைப்புக்கான வெங்காயத்தை அதில் காப்பார்கள். அது போனால் அடுத்த வெள்ளாமையே போச்சு. திருட்டுப் பயத்தில் ஒருவர் பட்டறையை மற்றவர் பார்த்துக்கொள்வது ஊர் வழக்கம்.

"அரியலூர்ல மச்சினன் வூட்டு விசேஷம். ரெண்டையும் நீயே பாத்துக்கப்பா" என்ற குழந்தைவேல், தூக்குவாளியை நீட்டினார். "கருவாட்டுக் கொழம்பு. உனக்குன்னு எங்க வூட்டுக்காரி கலியம்மா வச்சுக் குடுத்துச்சு."

அவர் போனதும் ஜெயசீலன் சாப்பிட்டான். வாளியைக் கழுவிக் கவிழ்க்கவும், முன்பே சொல்லிவைத்திருந்த வேன்காரன் மாயவன் வேனோடு வரவும் சரியாக இருந்தது.

"யாரு சரக்குண்ணே?"

"என் சரக்குன்னா ஏன் ரகசியமா வரச் சொல்றேன்? திருட்டுச் சரக்குடா. திருச்சியில தள்ளிட்டுப் பணத்தோட வா. மூச்சு விடக்கூடாது."

"பயங்கரமான ஆளுண்ணே நீங்க!"

ஜெயசீலன் மீசையைத் தடவிக்கொண்டு பட்டறையைக் காட்டினான். ஒரு மணி நேரத்தில் அது காலி.

மாலையாகியும் மாயவன் வரவில்லை. போனில்தான் கிடைத்தான்.

"பணமா? திருட்டுச் சரக்குன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க? ஸ்டேஷன்ல போயிச் சொல்லுங்களேன்."

போன் அணைந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேல் பஸ்ஸிலிருந்து இறங்கி, நேரே தன் பட்டறைக்குப் போனார். கீற்றை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"அப்படியே இருக்குப்பா. நீ காவல் இருந்தா எனக்கென்ன கவல!"

திருட மனசு வரவில்லை என்று மாயவனிடம் சொல்ல வெட்கப்பட்டு ஜெயசீலன் ஏற்றி அனுப்பியது, அவனுடைய சொந்த விதை வெங்காயத்தை.