இடது பக்கத் தாடை

"போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு மணிக்கணக்கா பேசுவீங்களா சார்?"

பல் டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தவன், ஓரத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த மனைவியை ஒரு பார்வை பார்த்தான். "ஆ... ஆமா டாக்டர். ராத்திரியில கொஞ்சம்..."

"அதானே பார்த்தேன். பல்லு மேல போட்ட கேப்பை எத்தனை வாட்டி தேய்ச்சாலும் திரும்பத் திரும்ப இடிக்குதுன்னு வர்றீங்க. பல்லு மேல தப்பில்ல."

அவன் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்தார். "மெதுவா திறங்க. மூடுங்க."

'டக்.' ஓரத்தில் இருந்த மனைவிக்கே கேட்டது.

"இந்த மூட்டுதான். நேரா வராம இடது பக்கம் இழுக்குது. தாடை கோணலா மூடினா, நான் தங்கத்துலயே பல்லு கட்டினாலும் இடிக்கும். முதல்ல மூட்டுக்கு ஓய்வு குடுங்க."

அவள் காதில் அதெல்லாம் ஏறவில்லை. ராத்திரியில் போனா? அவளிடம் 'ம்', 'சரி', 'வைக்கிறேன்' தாண்டாத மனுஷன். 'பாப்பாவை நான் பாத்துக்கறேன், நீ கதவைச் சாத்திட்டுத் தூங்கு' என்று ஹாலில் பாய் விரித்தது இதற்குத்தானா?

"யாரு அவ?"

"ஏய்... டாக்டர் முன்னாடி என்ன இது?"

"அவங்க முன்னாடியே சொல்லுங்க."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா."

"வீட்டுல நீங்க எங்க பேசறீங்க? எல்லாத்தையும் அந்தப் போன்லதான் கொட்டித் தீர்த்துடறீங்களே."

டாக்டரம்மா கையுறையைச் சரி செய்வதில் மும்முரமானார். இந்தச் சிக்கலுக்கு அவர் படிக்கவில்லை.

குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு அவள் விருட்டென்று வெளியே வந்தாள். அழுகை முட்டியது. அம்மா வீட்டுக்கு எந்த பஸ் என்பது வரை மனசு ஓடிவிட்டது.

உள்ளே பாப்பா வீல் வீலென்று கத்தியது. கத்தட்டும். அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும்.

திடீரென்று சத்தம் நின்றது. ஒரேயடியாக.

திரும்பி ஓடினாள். கதவைத் தள்ளிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான் அவன். இடது தோளில் பாப்பா. அதன் தலையைத் தாடையால் அணைத்துக்கொண்டு, திறக்காத வாய்க்குள்ளேயே 'ம்ம்ம்...' என்று இழுத்துக்கொண்டிருந்தான். அந்த அதிர்வில் பாப்பாவுக்குக் கண் செருகிவிட்டது.

"இதுதான் அந்தப் போனா சார்?" டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தாடையை எடுத்தா முழிச்சிக்குது டாக்டர். விடிய விடிய இதே கதைதான். அவகிட்ட சொல்லிடாதீங்க, போன்னே இருக்கட்டும், நாலு திட்டு வாங்கிக்கறேன். குழந்தை வளர்க்கத் தெரியலையேன்னு பயந்து அழுதுக்கிட்டே இருந்தா. இப்பத்தான், 'எங்க பாப்பா ராத்திரி முழிக்கிறதே இல்ல'ன்னு பெருமையா சொல்லிட்டுத் திரியறா."