பன்னிரண்டு ஆமைகள்

"ஆமை வந்து சாட்சி சொல்லுமா சார்? கேட்கிறவங்க சிரிப்பாங்க!"

சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகும் டைவிங் கம்பெனிகளின் சங்கத் தலைவர் சொல்லி முடிப்பதற்குள் அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் அவளுக்குப் பெயரே 'ஆமைக்காரி'தான்.

முந்தின நாள்தான் மாற்றலாகி வந்திருந்த கடல்வள அதிகாரி, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

"பன்னிரண்டு ஆமைங்க சார். ஒவ்வொண்ணோட ஓட்டு மேலயும் தீப்பெட்டி அளவுல ஒரு கருவி ஒட்டினேன். எங்கே மேயுது, எவ்வளவு ஆழத்துல இருக்கு, எல்லாம் ஒரு வருஷமா பதிவாகியிருக்கு. பவளப்பாறையில இருபது பேருக்கு மேல இறங்கினா, இதுங்க மேய்ச்சலை விட்டுட்டு ஓடிடுது. ஆறு ஆமை இளைச்சே போச்சு."

"கடல்ல ஆயிரம் காரணம் இருக்கும்" என்று தலைவர் குறுக்கிட்டார். "நீரோட்டம், சூடு... பழியைத் தூக்கி டைவிங் மேல போடக்கூடாது."

"அப்போ படகு ஓடாத செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படித் திரும்பி வருது?"

"ஏம்மா, ஆமைக்குக் கிழமை தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் அது சொல்றதை நம்பலாம்."

இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் வந்தது.

அதிகாரி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு செவ்வாயாகத் தட்டிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வாரமும், ஆமைகளைக் காட்டும் மஞ்சள் புள்ளிகள் பாறையை மொய்த்துக்கொண்டிருந்தன. புதன்கிழமை பிறந்தால் பாறை வெறிச்சோடிக் கிடந்தது.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளையிலிருந்து ஒரு நாளைக்கு இருபது பேர்தான். வாரத்துல மூணு நாள் பாறைக்கு முழு ஓய்வு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். இரண்டு வருஷப் போராட்டம். ஜெயித்தாகிவிட்டது!

"அதோட, இதுவரைக்கும் அங்கே அதிகமா ஆள் இறக்கின கம்பெனிக்கு மூணு மாசம் தடை. எது அந்தக் கம்பெனி?"

தலைவர் அவள் பக்கம் சாய்ந்து, "இதோட நிறுத்திக்கம்மா, போதும்" என்று கெஞ்சுகிற குரலில் முணுமுணுத்தார்.

"இருக்கட்டும் அண்ணே" என்றவள், முகமெல்லாம் சிரிப்பாக அதிகாரியிடம் திரும்பினாள்.

"ஒருத்தர் மட்டும் குறைச்சா மத்தவங்க இறக்கிடுவாங்க, அதான் எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டேன். நோட்டீஸை இங்கேயே குடுங்க சார், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். அது என் கம்பெனிதான்!"